கார் திறப்புக் கருவி: எதை நம்பி வாங்குவது?

கேள்வி: மருதானையில் அப்பா காலத்திலிருந்து திறப்பு வெட்டும் கடை நடத்துகிறோம். இப்போது வருகிறவர்களில் பாதிப்பேர் சிப் வைத்த கார் திறப்புத்தான் கேட்கிறார்கள், திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. கீ புரோகிராம் செய்யும் கருவி ஒன்று வாங்க நினைக்கிறேன். ஒரு வியாபாரி "இது ஒன்றே போதும், எல்லாக் காருக்கும் செய்யும்" என்கிறார். இன்னொருவர் அதே படம் போட்ட பெட்டியைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். எதை நம்புவது?

பதில்: எல்லாக் காருக்கும் செய்யும் கருவி என்று ஒன்று கிடையாது. அப்படிச் சொல்கிறவரிடம் காசைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

கருவியைத் தேடுவதற்கு முன் ஒரு மாதம் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். எந்தக் கார், எந்த ஆண்டு, முறுக்கும் திறப்பா பொத்தான் ஸ்டார்ட்டா, கையில் ஒரு திறப்பாவது இருக்கிறதா, எல்லாமே தொலைந்துவிட்டதா. திருப்பி அனுப்பியவர்களையும் எழுதுங்கள். கொழும்பில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் சுசுகி, டொயோட்டா, ஹொண்டா, நிசான் என்றுதான் வரும். பென்ஸும் பிஎம்டபிள்யூவும் மாதத்துக்கு ஒன்று வந்தால் அவற்றுக்காகக் காசைக் கொட்டாதீர்கள். அவை தனி உலகம், தனிக் கருவிகள்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. "கீ டூல்" என்று விற்கப்படுவதில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை திறப்போடு மட்டும் பேசும்: சிப்பைப் படிக்கும், பிரதி எடுக்கும், வெற்று ரிமோட்டை ஒரு குறிப்பிட்ட கார் வகைக்கு ஏற்றபடி உருவாக்கும். மற்ற வகை காரின் ஓபிடி சொக்கெற்றில் (பழுது பார்க்கும் கருவி மாட்டும் சொக்கெற்) மாட்டிக் காரோடு பேசும்: புதிய திறப்பைப் பதியும், பழையதை அழிக்கும், திறப்புப் பதியத் தேவையான இரகசிய இலக்கத்தை (PIN) எடுக்கும். எக்ஸ்ஹோர்ஸின் கைக்கு அடக்கமான சிறிய கீ டூல் முதல் வகை. ஆட்டெல் ஐஎம்508, ஐஎம்608 போன்றவையும் எக்ஸ்டூல், ஓபிடிஸ்டார், லொன்ஸ்டோர் விற்கும் டேப்லெட்டுகளும் இரண்டாவது வகை. சிறியதை வாங்கி வந்து, அதைக் காரில் எங்கே மாட்டுவது என்று தேடியவர்களை எனக்குத் தெரியும். உங்கள் கடைக்குக் கடைசியில் இரண்டுமே தேவைப்படும். முதலில் ஒன்றுதான் முடியும் என்றால் காரோடு பேசுவதை வாங்குங்கள். சிப்பும் ரிமோட்டும் தயாராகவே வாங்கலாம், காருக்குள் பதியும் வேலையைத்தான் வேறு வழியில் செய்ய முடியாது.

அடுத்தது, கொப்பியில் உள்ள கார்களுக்கு என்ன சிப் என்று பாருங்கள். சிப் என்பது திறப்பின் தலைக்குள் இருக்கும் சிறு துண்டு, அதற்குப் பற்றரி கிடையாது. இக்னிஷனைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் 125 கிலோஹெர்ட்ஸில், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பென்றால் 134.2இல், அதற்குச் சக்தி கொடுத்துக் கேள்வி கேட்கும். சரியான பதில் வந்தால்தான் எஞ்சின் ஓடும். டொயோட்டாவின் பழைய 4டி வகையில் இரகசிய எண் 40 பிட் நீளந்தான். 2005இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆர்எஸ்ஏ என்ற பாதுகாப்புக் கம்பனியின் ஆய்வுகூடத்தோடு சேர்ந்து அதை உடைத்துக் காட்டினார்கள். அதனால் பழையதைப் பிரதி எடுப்பது சுலபம். பிறகு வந்த 80 பிட் ஜி சிப், 128 பிட் எச் சிப் எல்லாம் படிப்படியாகக் கடினம். ஹொண்டா, நிசானில் ஐடி46 என்ற சிப் வகை, பிறகு ஐடி47. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்ததால், 8ஏ-பிஏ, 4ஏ வகைச் சிப் உள்ள ஸ்மார்ட் திறப்போடு (பொத்தான் ஸ்டார்ட் காரின் திறப்பு) புதிய டொயோட்டாக்களும் இனி உங்கள் வாசலுக்கு வரும். வியாபாரியிடம் "டொயோட்டா செய்யுமா" என்று கேட்காதீர்கள். "இந்த மாடல், இந்த ஆண்டு, இந்தச் சிப், எல்லாத் திறப்பும் தொலைந்த நிலையில், மேலதிகக் கேபிள் இல்லாமல் செய்யுமா" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் திணறாமல் பதில் சொல்கிறவரிடம் வாங்கலாம்.

எல்லாத் திறப்பும் தொலைந்த நிலை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலை செய்யும் திறப்பு ஒன்று இருந்தால் இரண்டாவதைப் பதிவது பெரும்பாலான கருவிகளுக்குச் சின்ன வேலை. விளம்பரத்தில் நீளமாகப் போடும் பட்டியலில் பெரும்பகுதி அதுதான். ஒன்றுமே இல்லாத கார்தான் கருவியின் தரத்தைக் காட்டும். சில கார்களில் இம்மோபிலைசர் பெட்டியை (சரியான சிப் இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத பெட்டி) கழற்றி, உள்ளே உள்ள நினைவகச் சிப்பைப் படித்து எழுத வேண்டிவரும். ஐஎம்608 அதற்குரிய எக்ஸ்பி400 ப்ரோ பெட்டியோடு வருகிறது, ஐஎம்508க்குத் தனியாக வாங்க வேண்டும். விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு புதுப்பிப்பு. ஒரு வருடம் முடிந்ததும் ஆண்டுச் சந்தா கட்டச் சொல்லும் கருவிகள் இருக்கின்றன. கட்டாவிட்டால் இருக்கிற வேலைகள் ஓடும், புதிய கார்கள் சேராது. வேறு சிலவற்றில் ஐடி48 சிப்பைப் பிரதி எடுக்கும் ஒவ்வொரு முறையும் டோக்கன் கழியும், கணக்குப் போடுவது அவர்களுடைய சேர்வர் என்பதால் இணையமும் வேண்டும். இன்னும் சில, விற்ற நாட்டுக்கு வெளியே வேலை செய்யாதபடி பூட்டப்பட்டிருக்கும். டுபாயிலிருந்து உறவினர் கொண்டுவரும் மலிவுக் கருவியில் இந்தச் சிக்கல்தான். பெட்டியின் தொடர் இலக்கம் இலங்கையில் பதிவாகுமா என்பதைக் காசு கொடுக்க முன்பே கம்பனிக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.

பாதி விலைப் பெட்டி பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன். அதற்கு முன் பற்றரி விஷயம், இதை மட்டும் தயவுசெய்து மறக்க வேண்டாம். சில வருடங்களுக்கு முன் என்னுடைய காருக்கு இரண்டாவது திறப்புப் போடக் கொழும்பில் ஒரு கடைக்குப் போனேன். புரோகிராம் பாதியில் இருக்கும்போது பற்றரி இறங்கிவிட்டது. அதுவரை நன்றாக ஓடிய முதல் திறப்பையும் கார் ஏற்கவில்லை. லொறியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கருவியில் பிழை இல்லை, பற்றரியை அளந்து பார்க்காததுதான் பிழை. ஜி சிப் டொயோட்டாக்களில் எல்லாத் திறப்பும் தொலைந்தால் இம்மோபிலைசரை மீளமைக்க 16 நிமிடம் காத்திருக்க வேண்டும், அவ்வளவு நேரமும் இக்னிஷன் ஓனில் இருக்கும். ஹைபிரிட்டில் 12 வோல்ட் பற்றரி இன்னும் சிறியது. ஆகவே கருவிக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கை, வேலை முடியும்வரை மின்னழுத்தத்தை நிலையாகப் பிடித்து வைக்கும் சப்ளைக்கு ஒதுக்குங்கள். சாதாரண சார்ஜர் போதாது.

வாங்கும் நாளில் உங்கள் கொப்பியில் அடிக்கடி வந்த கார் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கண்முன்னால் ஒரு திறப்பைப் பதிந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல வியாபாரி மறுக்கமாட்டார்.

இன்னொன்று. கருவி வந்த நாளிலிருந்து, வாகனப் பதிவுச் சான்றிதழும் அடையாள அட்டையும் பார்க்காமல் யாருக்கும் திறப்புப் பதியாதீர்கள். இரண்டின் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். நாளை அந்தக் கார் களவுபோனால் பொலிஸ் முதலில் வரும் கடை உங்களுடையது.

கேள்வி: இணையத்தில் பார்த்து ஒரு பிரபல கருவியின் "குளோன்" வாங்கினேன். மூன்று மாதம் நன்றாக வேலை செய்தது. ஒரு நாள் புதுப்பிப்புக் கேட்டது, அழுத்தினேன், அதன்பிறகு திரையே வரவில்லை. விற்றவர் "அப்டேட் செய்ய வேண்டாம் என்று சொன்னேனே" என்கிறார். சீனப் பொருள் என்றாலே இப்படித்தானா? (கொட்டாஞ்சேனை)

பதில்: சீனப் பொருள் என்பதில் பிழை இல்லை. ஆட்டெல், எக்ஸ்ஹோர்ஸ், எக்ஸ்டூல், லோன்ச், லொன்ஸ்டோர், ஓபிடிஸ்டார் எல்லாமே ஷென்சென் நகரக் கம்பனிகள். உலகம் முழுக்கத் திறப்புக்காரர்கள் கையில் இருப்பவை இவைதான். வித்தியாசம் அசலுக்கும் பிரதிக்கும் இடையில். பிரதியில் இருப்பது அசலின் ஒரு பழைய மென்பொருள். கம்பனியின் சேர்வரைத் தொட்டதும், தொடர் இலக்கம் போலி என்று தெரிந்து பூட்டிவிடுகிறார்கள். தொடாமலே வைத்திருந்தால் புதிய கார்கள் ஒன்றும் சேராது. இந்தத் தொழிலில் புதுப்பிப்பு நின்ற கருவி மெதுவாகச் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைவிட மோசம், வாடிக்கையாளரின் காரில் எழுதிக்கொண்டிருக்கும்போது அது உறைந்து நின்றால் அந்தக் காருக்கு நீங்கள்தான் பொறுப்பு.

திரும்பச் சரிசெய்வதாகச் சொல்பவர்களிடம் மேலும் காசு கொடுக்காதீர்கள். விற்றவர் இலங்கையில் கடை வைத்திருப்பவர், அசல் என்று சொல்லி விற்றார், பில் இருக்கிறது என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் முடியப் பார்க்கிறது, முடிந்திருக்கவும் கூடும், இன்றைக்கே எழுதுங்கள். வழி கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். குளோன் என்று தெரிந்தே வாங்கியிருந்தால் உங்கள் பக்கம் பலமில்லை, அதை மறைக்காமல் சொல்கிறேன்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த எங்கள் காருக்கு ஒரே ஒரு திறப்புத்தான் கிடைத்தது. இரண்டாவது செய்ய ஒரு கடையில் கேட்ட விலை பயமுறுத்துகிறது. வெளிநாட்டுத் தளம் ஒன்றில் அதே பெயர்க் காருக்கு மலிவாக ரிமோட் திறப்பு இருக்கிறது. வாங்கலாமா? (வெள்ளவத்தை)

பதில்: இரண்டாவது திறப்பைக் கட்டாயம் செய்யுங்கள். ஒன்று கையில் இருக்கும்போது ஆகிற செலவு, ஒன்றும் இல்லாதபோது ஆகிற செலவில் ஒரு பகுதிதான். ஆனால் காரின் பெயரைப் பார்த்து ரிமோட் வாங்க வேண்டாம். ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்த கார்களின் ரிமோட் 312 முதல் 315 மெகாஹெர்ட்ஸ் வரையில் பேசும். ஐரோப்பாவுக்குச் செய்தவை 433.92. பெயரும் வடிவமும் ஒன்றாகவே இருக்கும், கதவு மட்டும் திறக்காது. உங்கள் திறப்பைக் கழற்றி உள்ளே போர்டில் அச்சிட்ட இலக்கத்தைப் படம் எடுத்து, அதே இலக்கம் உள்ளதை வாங்குங்கள்.

கார் பழையது, முறுக்கும் திறப்பு என்றால் இன்னொன்றையும் பாருங்கள். ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு இம்மோபிலைசர் கட்டாயம், ஜப்பானின் உள்நாட்டுச் சந்தையில் அப்படி இல்லை. அதனால் சிப்பே இல்லாத ஜப்பான் கார்கள் இங்கே நிறைய ஓடுகின்றன. கடையில் சிப் படிக்கும் கருவியில் உங்கள் திறப்பை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சிப் இல்லையென்றால் சாதாரணமாக வெட்டிய திறப்பே போதும். பழைய டொயோட்டா திறப்பின் தலை சாம்பல் நிறமாக இருந்தால் அது துணைத் திறப்பு. அதைக் கொண்டு இன்னொன்றைப் பதிய முடியாது, கறுப்புத் தலை உள்ள பிரதானத் திறப்பு வேண்டும். சிப் உள்ள கார் என்றால் மூன்று கடையிலாவது விலை கேளுங்கள். திறப்பின் விலை, வெட்டுக்கூலி, புரோகிராம் கூலி மூன்றையும் பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடை ஒன்றில், கழற்றிய காரின் ஸ்மார்ட் திறப்பு ஒன்று, பார்க்கப் புத்தம் புதிது, நல்ல விலை. என் காருக்குப் பதியலாமா?

பதில்: நேரடியாக முடியாது. டொயோட்டா ஸ்மார்ட் திறப்பு ஒரு காரில் ஒரு முறை பதிந்ததும் பூட்டிக்கொள்ளும். ஐடி46, ஐடி47 திறப்புகளிலும் இதே கதை. பூட்டைத் திறந்து மீண்டும் வெறுமையாக்கும் கருவிகள் சில கடைகளில் உண்டு, எல்லாப் போர்டுக்கும் அது முடியாது. "பதிந்து ஸ்டார்ட் ஆனால் காசு" என்று பேசி வாங்குங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: திறப்புச் செய்துகொடுத்த பையன் தனக்கும் ஒன்று செய்து வைத்திருப்பானோ என்று பயமாக இருக்கிறது. கருவியில் பார்த்தபோது "பதிந்த திறப்பு 2" என்று சரியாகத்தான் காட்டியது.

பதில்: உங்கள் பயம் பிழையல்ல. அந்த எண்ணிக்கை முழு உண்மையைச் சொல்லாது. பிரதி எடுத்த சிப் அசலின் அடையாளத்தையே சுமக்கிறது. காருக்கு இரண்டும் ஒரே திறப்புத்தான், எண்ணிக்கை கூடாது. தனியாகப் பதிந்த திறப்பென்றால் மட்டும் எண்ணிக்கையில் தெரியும்.

சந்தேகம் தீர ஒரு வழி: நம்பிக்கையான இன்னொரு கடையில், நீங்கள் பக்கத்தில் நின்று எல்லாத் திறப்புகளையும் அழித்து, புதிய அடையாளமுள்ள சிப்களைப் பதியச் சொல்லுங்கள். பழைய சிப்பையே திரும்பப் பதிந்தால் அதன் பிரதியும் சேர்ந்து உயிர்பெறும், இதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அழித்த பிறகும் பழைய திறப்பின் உலோகப் பல் கதவைத் திறக்கும் என்பதால், காருக்குள் பெறுமதியானதை வைக்காதீர்கள். அடுத்த முறை செய்யும்போது பிரதி வேண்டாம், தனியாகப் பதிந்து தாருங்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: மழை இரவில் பம்பலப்பிட்டியில் ஸ்மார்ட் திறப்பின் பற்றரி செத்து, புரோகிராம் போய்விட்டது என்று நினைத்து முச்சக்கர வண்டியில் வீட்டுக்குப் போனேன். உண்மையில் போய்விடுமா?

பதில்: போகாது. பதிவு காரிலும் சிப்பிலும் இருக்கிறது, பற்றரியில் இல்லை. திறப்பின் பக்கத்தில் உள்ள சிறு விசையைத் தள்ளினால் உள்ளேயிருந்து உலோகத் திறப்பு வரும், அதனால் கதவைத் திறவுங்கள். பிரேக்கை மிதித்தபடி ஸ்மார்ட் திறப்பை ஸ்டார்ட் பொத்தானில் ஒட்டிப் பிடியுங்கள், டொயோட்டாவில் சின்னம் உள்ள பக்கம் பொத்தானைப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்துங்கள். திறப்பை ஒட்டிப் பிடித்திருக்கும்போது கதவைத் திறந்து மூடினால் எச்சரிக்கை ஒலி கூடக் கேட்கும், பயப்பட வேண்டாம். மறுநாள் காலையில் பற்றரியை மாற்றிவிடுங்கள், பழையதைக் கையோடு கொண்டுபோனால் அளவு பிழைக்காது.