அந்தச் சேலைக்கு நிறம் இருந்தது

வணக்கம் சார்,

என் நண்பன் ஞாயிறு விடிகாலையில் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போய்ப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறான். எல்லாம் கறுப்பு வெள்ளை. 'செம' என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. தெருவில் கிடைப்பதை எடுப்பது அதிர்ஷ்டம்தானே? இந்த மாதிரிப் படங்களை எப்படி ரசிப்பது? நானும் ஒரு கேமரா வாங்கலாம் என்றிருக்கிறேன், எது நல்லது?

ர.

அன்புள்ள ர.,

அதிர்ஷ்டம்தான், இருந்துவிட்டுப் போகட்டும். 'செம' போடுவதை மட்டும் நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டுப் போகிறவனுக்கு அது போதாது. எந்தப் படத்தில் எந்த மூலையில் உங்கள் கண் நின்றது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள், பையன் ஒரு வாரம் சந்தோஷமாக இருப்பான்.

எனக்கு உறுத்தியது வேறு. கோயம்பேட்டில் போய்க் கறுப்பு வெள்ளையா? சாமந்தி குவியலும் பச்சை மிளகாய் மூட்டையும் நீலத் தார்ப்பாயும் கிடக்கிற இடத்தில்?

ரகுபீர் சிங் என்று ஒரு புகைப்படக்காரர், 1942இல் ஜெய்ப்பூரில் பிறந்தவர். 1966இல் பிரெஞ்சுப் புகைப்பட மேதை கார்த்தியே-பிரெஸ்ஸோன் அந்த ஊருக்கு வந்து படமெடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். கலர் என்றால் விளம்பரத்துக்கு, கலை என்றால் கறுப்பு வெள்ளை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. சட்டகத்துக்குள் ஆட்களை அடுக்கும் வித்தையை அந்த பிரெஞ்சுக்காரரிடமிருந்து எடுத்துக்கொண்டு, 1999இல் சாகும்வரை கலரிலேயே எடுத்தார் மனிதர். இந்தியாவை நிறமில்லாமல் பார்க்க முடியாது என்பது அவர் கட்சி. 1991இல் ஹவ்ராவில் அவர் எடுத்த நடைபாதைக் கண்ணாடிக் கடையைத் தேடிப் பாருங்கள். கண்ணாடிக்குக் கண்ணாடி தெரு துண்டு துண்டாகக் கிடக்கும், எது கடை எது பிம்பம் என்று கண் தடுமாறும். அம்பாசடர் காரின் கதவையும் ஜன்னலையும் வைத்தே ஊர் ஊராக எடுத்த வரிசையும் இருக்கிறது. ஒரு படத்துக்கு ஐந்து நிமிஷமாவது கொடுங்கள், கட்டைவிரலைத் தூர வைத்துவிட்டு.

இதில் எனக்குச் சொந்தக் கோபமும் உண்டு. என் அத்தையை ஒரு பத்திரிகைக்காரர் பஸ் ஸ்டாண்டில் வைத்துப் படமெடுத்துப் போனார். அரக்குச் சேலை, மஞ்சள் பூசிய முகம், மூக்குத்தியில் சிவப்புக் கல், கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய அத்தை, பஸ் வரவில்லையே என்று வெயிலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றிருந்தாள். அச்சில் வந்தபோது சேலை சாம்பல், முகம் சாம்பல், கீழே 'வறுமையின் ரேகைகள்' என்று தலைப்பு. அத்தை அந்தப் பக்கத்தைக் கிழித்து முறுக்கு மடித்தாள்.

உடனே கறுப்பு வெள்ளைக்குப் பேர்போன ஜப்பானியப் புகைப்படக்காரர் டைடோ மோரியாமாவைக் காட்டி என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். டோக்கியோவின் ஷின்ஜுகு தெருக்களைக் கரியும் புள்ளியுமாக அவர் எடுத்ததெல்லாம் அவருக்கு அப்படித் தெரிந்ததால் எடுத்தது. எடுத்த பிறகு ஒரு ஃபில்டரைத் தட்டி, கிழவர்களின் சுருக்கத்தில் சோகத்தை ஏற்றுகிறார்களே, அதைத்தான் திட்டுகிறேன். நண்பனிடம் அந்தப் படங்களின் கலர் ஃபைல்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நன்றாக இருந்தால் எனக்கும் அனுப்புங்கள்.

கேமராவா? முதலில் அவன் கேமராவை ஒரு ஞாயிறு இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். காலை நாலு மணிக்கு எழுந்துகொள்ள முடிகிறதா என்று பார்ப்போம்.