‘உங்க இஷ்டம்’னு சொல்லிட்டேன், இப்போ தூக்கம் வரல

வணக்கம் மேடம்,

எனக்கு 29 வயது. சொந்த ஊர் மதுரை, சென்னையில் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்க்கிறேன். வீட்டில் பார்த்து முடிவு செய்த கல்யாணம், வருகிற தை மாதக் கடைசியில் முகூர்த்தம். அவருக்கு 32, பெங்களூருவில் இருக்கிறார். நிச்சயதார்த்தம் முடிந்து நாலு மாதமாகிறது, நேரில் பார்த்தது மொத்தம் ஆறு தடவை, மற்றபடி தினமும் ராத்திரி போன்தான். நல்லவர். நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார். அதனால்தான் இதை அவரிடம் சொல்லாமல் உங்களுக்கு எழுதுகிறேன் என்பது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

விஷயம் ஹனிமூன். காலேஜில் படிக்கும்போதிருந்தே அவருக்குக் கிளிமஞ்சாரோ ஏற வேண்டும் என்று ஆசை. அதை வைத்து தான்சானியாவுக்கு ஒரு பிளான் போட்டிருக்கிறார். முதல் ஏழு நாள் மச்சாமே பாதையில் மலை, அப்புறம் மூணு நாள் செரெங்கெட்டியில் சஃபாரி, கடைசி மூணு நாள் சான்சிபார் கடற்கரை. மலை, காடு, கடல் மூணும் ஒரே பயணத்தில். இரண்டு பேருக்கும் சேர்த்து பத்து லட்சத்தைத் தொடும். எக்செல் ஷீட் போட்டு ஒவ்வொரு வரியாகக் காட்டி "உனக்கு ஓகேவா?" என்று கேட்டார். ஒவ்வொரு வரிக்கும் "உங்க இஷ்டம்"னு சொன்னேன். வரிக்குதிரைகளும் காட்டுமாடுகளும் முதலைகளுக்கு நடுவே ஆற்றைக் கடக்கிற வீடியோவை அனுப்பி "இதை நாம நேர்ல பார்க்கப்போறோம்"னு எழுதினார். ஹார்ட் போட்டேன்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மூணு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் நண்பர்களோடு பர்வதமலை ஏறினேன். மேலே கம்பியைப் பிடித்து ஏறுகிற இடத்தில் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு கிடைக்காமல், விரலெல்லாம் மரத்துப்போய், இப்போ செத்துவிடுவேன் என்று தோன்றிவிட்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. பின்னால் ஏறி வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அதற்கப்புறம் லிஃப்டில் ஒரு தடவை, மெட்ரோவில் ஒரு தடவை அதே மாதிரி வந்தது. டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்து "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்" என்றார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

எனக்கும் ஆப்பிரிக்கா பிடிக்காமல் இல்லை மேடம். யானைக் கூட்டத்தைத் திறந்த வெளியில் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசை. அந்த மலைதான் பயம். இதற்கிடையில் அம்மா "கொடைக்கானல் போதாதா, எதுக்கு இவ்வளவு தூரம்" என்கிறார். கல்யாணத் தேதிக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையையும் போடச் சொல்கிறார். அதையே டிரிப் முடியும்வரை தொடரலாமா என்று நானே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவர் முன்பணம் கட்டப்போகிறார். இப்போது சொன்னால் "இத்தனை நாள் ஏன் மறைச்சே"னு கேட்பார், கல்யாணமே நின்றுவிடுமோ என்றுகூட பயமாக இருக்கிறது. இருக்கிற ரெண்டு மாதத்தில் பயிற்சி எடுத்துச் சமாளித்துவிட முடியுமா? இல்லை, அவர் மட்டும் ஏறட்டும், நான் கீழே ஹோட்டலில் இருக்கிறேன் என்று சொல்லிவிடலாமா?

— பெயர் வேண்டாம், சென்னை

*

அன்புள்ள தோழி,

உங்கள் இரண்டு கேள்விக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த முறை மலை ஏற வேண்டாம். அவரை மட்டும் மேலே அனுப்பிவிட்டு நீங்கள் கீழே உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பர்வதமலையில் நடந்ததை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு வந்ததற்கு பேனிக் அட்டாக் என்று பெயர். ஆபத்து இல்லாத இடத்தில் உடம்பு ஆபத்து மணியை அடித்துவிடுகிறது. மூச்சு வேகமாகிறது, வேகமாக மூச்சு விடுவதாலேயே விரல் மரத்துப்போகிறது, விரல் மரத்ததைப் பார்த்து பயம் இன்னும் கூடுகிறது. பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக வடிந்துவிடும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. டாக்டர் "டென்ஷன்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார், அதை உட்கார்ந்து விளக்கியிருந்தால் மூணு வருஷம் இதைத் தனியாகச் சுமந்திருக்க மாட்டீர்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பயப்படும் இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிற பயிற்சிதான் முக்கியமானது, பலருக்கு மாத்திரைகூடத் தேவைப்படாது. ஆனால் பத்திரிகை கொடுப்பதும் புடவை எடுப்பதுமாக ஓடப்போகிற இந்த இரண்டு மாதத்தில் முடித்துவிட்டு நேராகக் கிளிமஞ்சாரோவில் போய்ப் பரீட்சை எழுதுகிற விஷயம் இல்லை அது.

அந்த மலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயரம் 5,895 மீட்டர். உச்சியில் ஒரு மூச்சில் உள்ளே போகிற ஆக்சிஜன் நம் சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். 2,500 மீட்டரைத் தாண்டினாலே யாருக்கும் தலைவலி, குமட்டல், மூச்சிரைப்பு, தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு வருவது எல்லாம் வரலாம். ஏற்கெனவே பேனிக் வந்த ஒருவருக்கு இந்த அறிகுறிகள் அப்படியே அந்தப் பழைய பயத்தின் முகத்தோடு வரும். அது பயமா, உண்மையான மலை நோயா என்று உங்களுக்கும் தெரியாது, கூட வருகிற வழிகாட்டிக்கும் உங்கள் கதை தெரியாது. மலை நோய் முற்றினால் உடனே கீழே இறங்கியே ஆக வேண்டும், அங்கே "டென்ஷன்தான்" என்று விட்டுவிட முடியாது. போதாததற்கு அவர் தேர்ந்தெடுத்திருக்கும் மச்சாமே பாதையில் பராங்கோ சுவர் என்று ஓர் இடம் வருகிறது, சுமார் 250 மீட்டர் செங்குத்தான பாறை, கையை ஊன்றி ஏற வேண்டும், முன்னாலும் பின்னாலும் வரிசையாக ஆட்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வந்தது.

அவருக்குப் புரிகிற மாதிரி இன்னொன்றையும் சொல்லுங்கள், கூச்சப்படாமல். ஆறு முறை மட்டுமே பார்த்துக்கொண்ட இருவர், கல்யாணம் முடிந்த கையோடு, ஏழு நாள் குளியல் இல்லாமல், ஆளுக்கொரு ஸ்லீப்பிங் பேக்குக்குள் நடுங்கிக்கொண்டு, உச்சிக்குப் போகிற அன்று நள்ளிரவில் எழுந்து உறைபனிக் குளிரில் நெற்றி விளக்கோடு நடக்கப்போகிறீர்கள். ஏற்கெனவே ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்த தம்பதிக்கு அது அருமையான அனுபவம். உங்கள் இருவருக்கும் இப்போது தேவைப்படுவது பேசிக்கொண்டே இருக்க நேரமும், நல்ல தூக்கமும், அவசரமில்லாத நெருக்கமும். அதெல்லாம் இந்தத் திட்டத்தில் கடைசி மூன்று நாளுக்குள் நெருக்கப்பட்டுக் கிடக்கிறது, அதுவும் முழங்கால் வலியோடு.

"உங்க இஷ்டம்" என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நம் வீடுகளில் பெண்ணுக்கு இதை மரியாதை என்றுதான் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அவர் ஒவ்வொரு வரியாகக் காட்டி உங்களைக் கேட்டிருக்கிறார். உங்கள் இஷ்டத்தை அவர் உண்மையாகவே கேட்டபோது, அது என்னவென்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நீங்கள் அவருக்குக் கொடுக்கவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பயந்தவள் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில் செய்தீர்கள். மலையில் நாலாவது நாள் தெரியவந்தால்தான் "ஏன் மறைச்சே" என்ற கேள்விக்கு அர்த்தம் இருக்கும், இப்போது சொன்னால் நீங்கள் மறைக்கவில்லை, சொல்லிவிட்டீர்கள். கல்யாணம் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. காது கொடுத்துக் கேட்கிறவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அதனால் வீடியோ காலில் சொல்லுங்கள்.

சரி, மலை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். கையில் ஒரு திட்டத்தோடு போங்கள். நானும் என் கணவரும் சில வருடங்களுக்கு முன் அந்தப் பக்கம் போயிருக்கிறோம், அதனால் இதைக் கொஞ்சம் ஆசையோடு எழுதுகிறேன்.

முதலில் அந்த வீடியோ. மாரா ஆற்றைக் கூட்டம் கடப்பது ஏறக்குறைய ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, செரெங்கெட்டியின் வடக்கு ஓரத்தில். நீங்கள் போகிற பிப்ரவரியில் அங்கே அந்தக் காட்சி இருக்காது, கூட்டம் முழுக்கத் தெற்கே ந்டுட்டு பக்கத்துப் புல்வெளியில் இருக்கும். அது குட்டி போடும் காலம். சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் பிறக்கின்றன, பிறந்த சில நிமிடங்களில் எழுந்து நின்று தாயோடு ஓடுகின்றன, சிங்கமும் சிறுத்தைப்புலியும் கழுதைப்புலியும் சுற்றியே இருக்கும். அவருடைய ஷீட்டில் வடக்கு முகாம் போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இந்தப் பயணத்தில் உங்கள் பங்காக இது இருக்கட்டும்.

கிளிமஞ்சாரோவை அவர் முழுக்க விட வேண்டியதில்லை. மராங்கு என்கிற இன்னொரு பாதையின் வாசலிலிருந்து மழைக்காட்டு வழியாக மந்தாரா குடிசை வரை போய் அன்றே திரும்பலாம், சுமார் 2,700 மீட்டர். பாறை கிடையாது, நடைபாதை. வெள்ளை வால் தொங்குகிற கொலோபஸ் குரங்குகள் தலைக்கு மேலே தாவும். எங்களோடு வந்த வழிகாட்டி பத்தடிக்கு ஒரு தரம் "போலே போலே" என்றார், மெதுவா மெதுவா என்று சுவாஹிலியில். மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் எந்த இடத்திலும் திரும்பலாம், அப்படித் திரும்பலாம் என்று தெரிந்திருப்பதே பேனிக் உள்ளவர்களுக்குப் பெரிய ஆறுதல். உச்சி ஏறுவதை ஒன்றிரண்டு வருடம் கழித்து வைத்துக்கொள்ளலாம், அப்போது நீங்களும் கூடப் போகிறீர்களா, அவர் நண்பர்களோடு போகிறாரா என்று சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

யானை பார்க்க தராங்கிரே தேசியப் பூங்கா. வறண்ட மாதங்களில்தான் அங்கே பெரிய பெரிய கூட்டமாகச் சேரும், பிப்ரவரியில் சிதறியிருக்கும், ஆனாலும் பாவோபாப் என்கிற பெருக்க மரங்களுக்கு நடுவே ஒரு குடும்பம் நடந்து போவதைப் பார்த்தால் போதும். அப்புறம் ங்கோரோங்கோரோ, 600 மீட்டர் ஆழத்தில் இறங்குகிற எரிமலைக் கிண்ணம், அதன் அடியில் நீண்ட தந்தத்தோடு வயதான ஆண் யானைகள் தனியாக மேய்ந்துகொண்டிருக்கும். இதற்கெல்லாம் அரூஷா நகரத்திலிருந்து ஜீப்பிலேயே போகலாம், பன்னிரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் உங்களுக்குக் கட்டாயமில்லை. கூடார முகாமில் வேலி இருக்காது, ராத்திரி கழுதைப்புலி கத்தும், இருட்டிய பிறகு காவலாளி கூட வந்துதான் கூடாரத்துக்குக் கூட்டிப்போவார். இதை முன்கூட்டியே சொல்கிறேன், திடீரென்று கேட்டால் படபடப்பு வரும் என்பதற்காக.

மிச்ச ஐந்து நாளையும் சான்சிபாருக்குக் கொடுங்கள். கிழக்குக் கரையில் ஜம்பியானி, பாஜே பக்கம் கடல் உள்வாங்கினால் வெகுதூரம் போய்விடும். அப்போது நீச்சல் கிடையாது, ஆனால் கணுக்கால் தண்ணீரில் மணிக்கணக்கில் நடக்கலாம், உள்ளூர்ப் பெண்கள் கடற்பாசி பயிர் செய்வதைப் பார்க்கலாம். நானும் என் கணவரும் கல்யாணமாகி இருபது வருடத்தில் பேசாததையெல்லாம் அந்த நடையில்தான் பேசினோம். எந்த நேரமும் நீந்த வேண்டும் என்றால் வடக்கே நுங்க்வி. சான்சிபாரின் பழைய நகரமான ஸ்டோன் டவுனில் தோளும் முழங்காலும் மறைகிற உடை போடுங்கள். 2026, 2027 இரண்டு வருடமும் ரமலான் பிப்ரவரியில் தொடங்குகிறது, அந்த நாட்களில் பகலில் பல சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், பொது இடத்தில் சாப்பிடவும் கூடாது, அதையும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை விஷயத்தை அம்மாவோடும் நீங்களாகவும் முடிவு செய்யாதீர்கள். அந்த வகை மாத்திரைகளில் சிலருக்கு ரத்தம் உறையும் அபாயம் கொஞ்சம் கூடும், நீண்ட விமானப் பயணமும் அதோடு சேர்கிறது. மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைந்த பிரச்சினை இருந்திருந்தால் சொல்லுங்கள். அப்படியே மலேரியா மாத்திரையும், கருத்தடையும் கேட்டுவிடுங்கள், கர்ப்பத்தில் போடக் கூடாத மருந்துகள் இதில் உண்டு. கல்யாண நேரத்தில் மாதவிடாய் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்பது என் சொந்தக் கருத்து, ஆனால் உங்கள் வீட்டில் அது எவ்வளவு பெரிய பேச்சு என்பதும் எனக்குத் தெரியும்.

விமானம் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவைப்படுமா என்று டிக்கெட் எடுக்கும்போதே விசாரியுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், கல்யாண வாரத்தில் ஊசி போட்டு காய்ச்சலோடு மணையில் உட்கார வேண்டாம், மார்கழியிலேயே போட்டுவிடுங்கள்.

அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் இப்படி ஆரம்பியுங்கள்: "ஷீட்ல எல்லாத்துக்கும் உங்க இஷ்டம்னு சொன்னேன்ல, அது உண்மை இல்லை. எனக்கு ஒரு பயம் இருக்கு, பர்வதமலையில ஒரு நாள் என்ன ஆச்சுன்னா..." அதற்கப்புறம் உங்களுக்கே வார்த்தை வரும். இன்றைக்கு ராத்திரி வீடியோ காலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.