விடைபெறும் பாட்டு: இசை கேள்வி – பதில்

கேள்வி: விட்னி ஹூஸ்டனின் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பிரிவுப் பாட்டா, காதல் பாட்டா? கல்யாண வரவேற்புகளில்கூடப் பாடுகிறார்களே!
– வாசகி, கரூர்

பதில்: பிரிவுப் பாட்டேதான். பல்லவியை மட்டும் கேட்பவர்கள் காதல் வாக்குறுதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் இருந்தால் உனக்கு இடைஞ்சல், போய்வருகிறேன் என்பதுதான் முதல் சரணம். எழுதியவர் டாலி பார்ட்டன், அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட ‘கன்ட்ரி’ இசைப் பாடகி, 1973இல். தம்மைத் தொலைக்காட்சியில் பிரபலமாக்கிய போர்ட்டர் வாகனரின் குழுவை விட்டுத் தனியே போகும் முடிவை அவருக்குச் சொல்ல எழுதினார்.

கேள்வி: இத்தனை ஆண்டுகள் கழித்தும் அது நெஞ்சை உலுக்குவது எதனால்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பழிச்சொல் ஒன்றுகூட இல்லாததால். மூன்றாம் சரணம் முழுக்க வாழ்த்து. 1974இல் வெளியான டாலியின் பதிவில் அதைப் பாடாமல் பேசுவார். 1975இல் லிண்டா ரான்ஸ்டாட் பாடியபோது அந்தச் சரணமே இல்லை. 1992இல் ‘தி பாடிகார்ட்’ படத்தில் விட்னி பாடுவதற்காக இசையமைப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் முதலில் கையில் எடுத்தது லிண்டாவின் வடிவத்தை; விடுபட்ட சரணத்தை டாலியே சொல்லிக் கொடுத்தார். அது வந்திராவிட்டால் விட்னியின் பாட்டுக்கு உச்சமே கிடைத்திராது. வாழ்த்து முடிகிறது, நிசப்தம், டிரம்மில் ஒரே ஓர் அடி, சுருதி 6 கட்டையிலிருந்து 7 கட்டைக்குத் தாவுகிறது. வாழ்த்திவிட்டோம், இனிப் போகத்தான் வேண்டும் என்ற இடத்தில் அழுகை உடைகிறது. அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் தரவரிசைப் பட்டியலில் விட்னியின் பாட்டு 14 வாரம் முதலிடத்தில் நின்றது.

கேள்வி: கல்லூரி விழாவில் பாடப்போகிறேன். கடைசிப் பல்லவியில் குரல் பிளக்கிறது.
– மாணவி, நாகர்கோவில்

பதில்: முதல் வரி சௌகரியமாக இருக்கிறதே என்று சுருதி வைப்பதால் வரும் வினை. முதல் வரி தாழ்ந்த ஸ்தாயி. அது சுகமாக ஒலிக்கும்படி வைத்தால் கடைசியில் இடம் இருக்காது. கடைசிப் பல்லவியை முதலில் பாடிப் பாருங்கள். 5 கட்டையில் அது நின்றால், தொடக்கம் 4 கட்டை. கரோக்கி செயலியில் மைனஸ் 4 வையுங்கள் (அதாவது நான்கு அரைச்சுரம் கீழே).

அடுத்த ஆபத்து, வாத்தியமே இல்லாத தொடக்கம். முக்கால் நிமிடம்போலத் தனிக்குரல்தான். அதற்குள் சுருதி கொஞ்சம் இறங்கினாலும் வாத்தியம் நுழையும்போது ஊருக்கே தெரியும். தம்பூரா செயலியைப் போட்டுக்கொண்டு பழகுங்கள். பாதியில் அணைத்துவிட்டுத் தொடருங்கள், பிறகு போட்டு ஒத்துப்பாருங்கள். எந்த வரியில் இறங்குகிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

டிரம் அடிக்கு முந்தைய நிசப்தத்தில்தான் முழு மூச்சு எடுக்க வேண்டும். அடி விழுந்தபின் எடுத்தால் தாமதம். நீட்டும் ‘ஐ’யை ‘ஆ’ என்றே பிடித்து, ‘இ’யைக் கடைசி நொடியில் தொடுங்கள். முன்பே ‘இ’க்குப் போனால் தாடை இறுகும், குரல் பிளப்பதும் அங்கேதான்.