அம்மாவின் காப்பை ஈடு வைத்துப் பங்குச் சந்தை படிக்கலாமா?

கேள்வி: நான் திருகோணமலை வளாகத்தில் மூன்றாம் வருட மாணவி. வீடு உப்புவெளியில். பங்குச் சந்தையைப் படிக்கவேண்டும் என்ற ஆசையில் ஏழு மாதத்துக்கு முன்பு கணக்குத் திறந்தேன். கையில் காசு இல்லாததால் அம்மாவின் இரண்டு காப்பையும் ஒரு தனியார் கடையில் ஈடு வைத்து 150,000 ரூபா எடுத்தேன். நூற்றுக்கு இரண்டு மாத வட்டி. ரியூஷனில் மாதம் 12,000 வருகிறது, அதிலிருந்து வட்டியைத் தவறாமல் கட்டுகிறேன். எதை வாங்குவது, எப்போது விற்பது என்பதெல்லாம் கொழும்பில் இருக்கும் பெரியம்மாவின் மகன் அண்ணாதான் சொல்வார். என் கடவுச்சொல்லும் அவரிடம் இருக்கிறது. இதுவரை நான்கு தடவை எல்லாவற்றையும் விற்று வேறு பங்கு வாங்கியாயிற்று. இப்போது கணக்கில் 118,000 ரூபா பெறுமதிதான் நிற்கிறது. “இறங்கின நேரம் இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ணு, அம்மாவின் சங்கிலியையும் வை, இல்லாவிட்டால் மார்ஜின் எடு” என்கிறார். 35,000 ரூபாவுக்கு ஓர் ஒன்லைன் வகுப்பும் சொல்கிறார். அடிப்படை தெரியாததால்தான் நட்டமா? எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

பதில்: தங்கச்சி, கணக்குத் திறக்கவும் வாங்கவும் விற்கவும் தெரிந்தவருக்குப் பங்கு என்றால் என்ன என்று நான் விளக்கப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்றது “நூற்றுக்கு இரண்டு மாத வட்டி” என்ற இடத்தில்தான்.

உங்கள் நட்டத்தைப் பிரித்துப் பார்ப்போம். பங்குக் கணக்கில் குறைந்தது 32,000. ஏழு மாதம் கட்டிய வட்டி 21,000. ஆக மொத்தம் 53,000 போயிருக்கிறது. இந்த 32,000 முழுவதும் விலை இறங்கியதால் போனதா? கொழும்புச் சந்தையில் ஒவ்வொரு வாங்கலுக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் தரகுக் கட்டணம், சந்தைக் கட்டணம், வரி என்று எல்லாம் சேர்த்து நூற்றுக்கு 1.12 ரூபா அளவில் கழிகிறது. முதல் தடவை வாங்கினீர்கள், பிறகு நான்கு தடவை விற்று நான்கு தடவை வாங்கினீர்கள். ஒன்பது கொடுக்கல் வாங்கல். சராசரியாக 135,000 ரூபாவுக்கு நடந்தது என்று வைத்தால் ஒவ்வொன்றிலும் 1,500 போகும், ஒன்பதுக்கும் ஏறக்குறைய 13,500. அப்படியானால் விலை இறங்கியதால் போனது 18,500 தான். வட்டியும் கட்டணமுமாகப் போனது 34,500.

நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், எந்தப் பங்கை எடுத்திருந்தாலும், இந்த 34,500 போயேதான் இருக்கும். அதனால் அடிப்படை தெரியாததுதான் நட்டத்துக்குக் காரணம் என்று உங்களை நீங்களே நோகவேண்டாம். ஈட்டுக் காசை எடுத்துக்கொண்டு பங்குச் சந்தைக்குப் போனதுதான் பிழை.

வருடத்துக்கு நூற்றுக்கு 24 வட்டி. வாங்கி விற்கும் செலவு இன்னும் இரண்டுக்கு மேல். போட்ட பணம் போட்டபடி நிற்பதற்கே உங்கள் பங்கு வருடம் 26 வீதம் ஏறவேண்டும். பொறுத்திருந்தால் ஏறும் என்கிறாரா அண்ணா? இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் ஈட்டுக் காசு 150,000 உடன் வட்டி 36,000 சேரும். 118,000 என்பது 186,000 ஆகவேண்டும், அதாவது 58 வீதம். அதற்குப் பிறகும் இதுவரை கட்டிய 21,000 திரும்பி வந்திருக்காது.

2022 ஐ நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த காலமாக நினைவில் வைத்திருப்பீர்கள். அந்த வருடம் ஜனவரியில், கொழும்புச் சந்தையின் பங்குகள் எல்லாம் சேர்ந்து ஏறினவா இறங்கினவா என்று காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000 ஐத் தாண்டியிருந்தது. வருட முடிவில் 8,500 அளவில் நின்றது. ஏப்ரலில் சந்தையையே சில நாட்கள் மூடி வைத்தார்கள். அதே ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. பங்கு விழுந்துகொண்டிருக்கும்போது கடனின் விலை ஏறியது. சொந்தக் காசில் வாங்கியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள், பிந்திய வருடங்களில் சுட்டெண் பழைய உச்சத்தைத் தாண்டியதையும் கண்டார்கள். கடனில் வாங்கியவருக்குக் காத்திருக்க வழியில்லை. மார்ஜின் என்பதும் இதே கடன்தான். பங்கின் பெறுமதி ஓர் அளவுக்குக் கீழே போனால் மேலதிகக் காசு கேட்பார்கள், கொடுக்க முடியாவிட்டால் உங்களைக் கேட்காமலே விற்றுத் தங்கள் காசை எடுப்பார்கள். மாதம் 12,000 வருமானம் உள்ள மாணவி அந்தப் படிவத்தில் கையெழுத்து வைக்கவே கூடாது.

இனி அண்ணா. அவருடைய நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் நட்டம் வந்தால் போவது உங்கள் அம்மாவின் நகை, அவர் கையிலிருந்து ஒரு சதமும் போகாது. இன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றுங்கள். கோபித்துக்கொள்வார் என்று பயமாக இருந்தால், “முதலில் ஈட்டுக் கடனை அடைக்கப்போகிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. அடுத்தவர் கணக்கில் இன்னொருவர் கொடுக்கல் வாங்கல் செய்வதற்கு இங்கே முறை இருக்கிறது. முதலீட்டு ஆலோசகரும் தரகரும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவில் உரிமம் பெற்றிருக்கவேண்டும். பெரியம்மாவின் மகன் என்பது உரிமம் ஆகாது.

செய்யவேண்டியது இதுதான். பங்குகளை விற்றுவிடுங்கள். கட்டணம் போக ஏறக்குறைய 116,700 கைக்கு வரும். இரண்டு காப்புக்கும் தனித்தனிச் சீட்டு, ஒவ்வொன்றும் 75,000 என்று இருந்தால் ஒன்றை உடனே மீட்டுவிடலாம். மிச்சம் 41,700 ஐ மற்றச் சீட்டில் கட்டினால் பாக்கி 33,300. பகுதிப் பணம் ஏற்பார்களா என்று கடையில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இரண்டு காப்பும் ஒரே சீட்டில் இருந்தாலும் கணக்கு இதேதான், காப்புகள் மட்டும் கடைசியில் ஒன்றாக வரும். மாத வட்டி 3,000 இலிருந்து 670 அளவுக்கு இறங்கும். ரியூஷன் காசில் மாதம் 5,000 கட்டினால் எட்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். விற்றவுடன் அந்தப் பங்கு ஏறினால் மனம் வேகும், எனக்குத் தெரியும். ஏறினாலும் நீங்கள் செய்தது சரிதான். அடுத்த மாதம் எந்தப் பங்கு ஏறும் என்று அண்ணாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த மாதம் 3,000 வட்டி என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வகுப்புக்கு 35,000 ரூபாவா? உங்கள் பாக்கிக் கடனைவிடக் கூட அது. பங்குச் சந்தையும் ஆணைக்குழுவும் முதலீட்டாளர்களுக்கு இலவசமாகவே வகுப்பு நடத்துகின்றன, யாழ்ப்பாணத்தில் பங்குச் சந்தைக்குக் கிளையும் இருக்கிறது. இப்படிக் காசுக்கு நடக்கும் வகுப்புகள் பல கடைசியில் ஒரு டெலிகிராம் குழுவில் கொண்டுபோய் விடும். அங்கே இதை வாங்கு, இதை வில் என்று ‘சிக்னல்’ வரும், பிறகு ஃபொரெக்ஸ் என்ற வெளிநாட்டு நாணய வியாபாரம், கிரிப்டோ, ஆள் சேர்த்தால் கமிஷன் என்று போகும். ஆள் சேர்த்துக் காசு பார்க்கும் பிரமிட் திட்டம் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் குற்றம். நடத்துபவர் மட்டுமல்ல, ஆள் சேர்த்துக் கொடுத்தவரும் மாட்டுப்படுவார்.

உண்மையாகவே படிக்க ஆசை என்றால் அதற்குக் காசு தேவையில்லை, இருக்கிற ஊரும் நல்ல ஊர். சீனக்குடாப் பக்கம் போகும்போது தெரிகிற டோக்கியோ சீமெந்து ஆலை, 1982 இல் தொடங்கிய கம்பனியுடையது, கொழும்புச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதன் 2021/22, 2022/23 ஆண்டறிக்கைகளைச் சந்தையின் இணையத்தளத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். தலைவரின் செய்தியையும் படங்களையும் விட்டுவிட்டு வரவு, செலவு, இலாபம் எல்லாம் காட்டும் வருமானக் கூற்றுக்கு நேரே போங்கள். நிதிச் செலவு என்ற வரியைத் தேடுங்கள். தொழிலில் உழைத்த நூறு ரூபாவில் எத்தனை ரூபா வட்டிக்குப் போனது என்று இரண்டு வருடத்துக்கும் பென்சிலால் எழுதுங்கள். பிறகு சீமெந்தின் மூலப்பொருளான கிளிங்கரை யோசியுங்கள். இங்கே அரைக்கிற கிளிங்கர் கப்பலில் வருவது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது அந்தச் செலவு கணக்கில் எங்கே விழுந்தது, விலையை ஏற்றிச் சமாளித்தார்களா, விற்பனை அளவு குறைந்ததா? இந்த ஒரு கம்பனியை ஒரு மாதம் இருந்து படித்தால் நீங்கள் கேட்கும் அடிப்படையில் பாதி வந்துவிடும். அதே கம்பனிக்கு வாக்குரிமை உள்ள பங்கும் இல்லாத பங்கும் தனித்தனியாக விலை போவதைக் கண்டு ஏன் என்று கேட்பீர்கள், அதுவும் பாடம்தான்.

அடுத்து எரிபொருள் விற்கும் லங்கா ஐ.ஓ.சி. கம்பனி. திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி ஊரில் ஒரு கதை கிளம்பினால் போதும், “99 தாங்கியும் அவர்களுக்குத்தான், பங்கை வாங்கிப் போடு” என்பார்கள். 2022 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் அவர்களிடம் இருப்பது 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, மிச்சம் 61 ஒரு கூட்டுக் கம்பனிக்கு. அதிலும் ஐ.ஓ.சி.யின் பங்கு 49 வீதம்தான். அதே வருடம் எரிபொருள் வரிசைக் காலத்தில் அந்தப் பங்கின் விலை பல மடங்கு ஏறி, பிறகு இறங்கவும் செய்தது. உச்சத்தில் வாங்கியவர்களில் எத்தனை பேர் ஒப்பந்தத்தின் விபரத்தைப் பார்த்திருப்பார்கள்? இந்த இரண்டையும் வாங்கச் சொல்லி நான் எழுதவில்லை. கண்ணால் காணக்கூடிய தொழில் என்பதால் படிக்கச் சொல்கிறேன்.

கடன் அடைக்கும் அந்த எட்டு மாதமும் உண்மையான காசில் வாங்காமல் கொப்பியில் மட்டும் வாங்குங்கள். திகதி, விலை, வாங்கக் காரணம் இரண்டு வரி, 1.12 வீதக் கட்டணம் எல்லாம் எழுதி வையுங்கள். இரண்டு காப்பும் வீட்டுக்கு வந்த பிறகு மாதம் 2,000 ரூபாவைச் சொந்த உழைப்பிலிருந்து போடலாம். ஒரேயொரு பங்கைக்கூட வாங்க முடியும், ஆகவே தொகை சிறிது என்ற கவலை வேண்டாம். கம்பனி தன் இலாபத்திலிருந்து தரும் பங்கிலாபம் வந்தால் 15 வீத வரி கழித்துத்தான் வரும் என்பதையும் கணக்கில் எழுதுங்கள்.

காப்பு ஈட்டில் இருப்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தாலும் 53,000 கதை தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். இந்தக் கணக்கை அப்படியே அவர் முன் வைத்துச் சொல்லிவிடுங்கள், சங்கிலியைப் பற்றி அண்ணா நேரே அவரிடம் பேசுவதற்கு முன்பு. அதற்கும் முன்பு ஈட்டுச் சீட்டை எடுத்துத் தவணைத் திகதியைப் பாருங்கள். அந்தத் திகதி தாண்டினால் காப்பு ஏலத்துக்குப் போகலாம். விற்ற பங்கின் காசு கைக்கு வர இரண்டு வேலைநாள் எடுக்கும், அதற்கேற்ப நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.