பதவி போவது எதற்காக? பிரிட்டிஷ் அரசியல் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி (மதுரை): கொரோனா காலத்தில் விருந்து நடத்தியதால் போரிஸ் ஜான்சனின் பதவி போனது என்கிறார்கள். வெறும் 50 பவுண்டு அபராதம் கட்டிய குற்றத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

பதில்: இரண்டு விவகாரங்கள் இங்கே கலந்துவிட்டன. 2022 ஜூலையில் அவர் பிரதமர் பதவியை விட்டது, கிறிஸ் பின்ச்சர் என்ற எம்.பி.யின் நடத்தை குறித்த புகார்கள் முன்பே தெரிந்திருந்தும் அவருக்குப் பொறுப்பு கொடுத்த விவகாரத்தில். அமைச்சர்கள் வரிசையாக விலகவே, ஜான்சனுக்கு வேறு வழியில்லாமல் போனது. விருந்து விவகாரத்தில் அவர் இழந்தது எம்.பி. பதவியை. அது 2023 ஜூனில் நடந்தது.

விருந்து சிறிய விஷயமா என்ற கேள்விக்கு ஒரு காட்சி போதும். 2021 ஏப்ரல் 17 அன்று கணவரின் இறுதிச் சடங்கில் எலிசபெத் ராணி முகக்கவசத்துடன் தனியாக உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தைய இரவு பிரதமர் அலுவலகத்தில் இரண்டு விருந்துகள் நடந்தன. பெற்றோர் சாகும்போது கையைப் பிடித்துக்கொள்ளக்கூட முடியாமல் போன குடும்பங்கள் நாடெங்கும் இருந்தன. பிரதமர் அலுவலகமும் அதைச் சுற்றியுள்ள அரசு அலுவலகங்களும் சேர்த்து 83 பேருக்குப் போலீஸ் 126 அபராதங்கள் விதித்தது.

ஆனால் நாடாளுமன்றம் அவரைப் பிடித்தது விருந்துக்காக அல்ல. 2021 டிசம்பரில், “விதிகள் எல்லாம் பின்பற்றப்பட்டன” என்ற பொருளில் அவர் சபையில் பேசினார். அது உண்மையல்ல என்று தெரிந்தே பேசினார் என்று, எம்.பி.க்கள் அடங்கிய உரிமைக் குழு முடிவுக்கு வந்தது. அறிக்கை வெளியாகும் முன்பே அவர் எம்.பி. பதவியிலிருந்து விலகிவிட்டார். விலகாமல் இருந்திருந்தால் 90 நாள் இடைநீக்கம் பரிந்துரைத்திருப்போம் என்று குழு எழுதியது. சபை அந்த அறிக்கையை 354க்கு 7 என்ற வாக்கில் ஏற்றது.

கேள்வி (யாழ்ப்பாணம்): இலங்கை அரசின் செலவில் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போன வட அயர்லாந்து எம்.பி. பதவியைக் காப்பாற்றிக்கொண்டது எப்படி? மக்களே எம்.பி.யைத் திருப்பி அழைக்கும் சட்டம் அங்கே இருக்கிறதல்லவா?

பதில்: இருக்கிறது. 2015இல் வந்தது. அதன்படி முதன்முதலில் மனுவைச் சந்தித்தவரே நீங்கள் கேட்கும் இயன் பெய்ஸ்லிதான்.

நடந்தது இது. 2013இல் அவரும் குடும்பமும் இருமுறை இலங்கைக்குப் போனார்கள். செலவை இலங்கை அரசு ஏற்றது. அதை அவர் நாடாளுமன்றப் பதிவேட்டில் எழுதவில்லை. 2014 மார்ச்சில், போர்க்காலக் குற்றங்களை ஐ.நா. விசாரிக்க வழிசெய்யும் தீர்மானத்தை பிரிட்டன் ஆதரிக்க வேண்டாம் என்று அன்றைய பிரதமர் டேவிட் கேமரூனுக்குக் கடிதம் எழுதினார். முள்ளிவாய்க்காலில் உறவுகளைத் தொலைத்தவர்களுக்கு இந்தக் கடிதத்தின் கனம் தெரியும். விவகாரம் 2017இல் பத்திரிகையில் வந்தது. 2018 ஜூலையில் அவருக்கு 30 அமர்வு நாள் இடைநீக்கம் கிடைத்தது.

திருப்பி அழைக்கும் மனு மூன்று காரணங்களுக்காக மட்டுமே தொடங்கும். சிறைத்தண்டனை (ஓராண்டுக்கு மேல் என்றால் மனுவே தேவையில்லை, பதவி தானாகப் போய்விடும்). சபையிலிருந்து குறைந்தது 10 அமர்வு நாள் இடைநீக்கம். படிச்செலவில் பொய்க்கணக்கு எழுதியதற்கான தண்டனை. மனு ஆறு வாரம் திறந்திருக்கும். தொகுதி வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் நேரிலோ தபாலிலோ கையெழுத்துப் போட்டால் பதவி காலி, இடைத்தேர்தல்.

பெய்ஸ்லியின் தொகுதியான வட ஆன்ட்ரிமில் தேவைப்பட்டது 7,543 கையெழுத்து. விழுந்தது 7,099. 444 குறைவு. கோளாறு எங்கே என்றால், தொகுதிக்குப் பத்து மையங்கள் வரை வைக்கச் சட்டம் இடம்கொடுத்தும் மூன்றே மையங்கள் வைத்தார்கள். பெரிய கிராமப்புறத் தொகுதி அது. அத்துடன், வாக்குச்சாவடிக்குள் நுழைந்தவர் யாருக்குப் போட்டார் என்பது ரகசியம். மனு மையத்துக்குள் நுழைந்தவர் எதற்காக வந்தார் என்பது தெருவுக்கே தெரியும், ஏனென்றால் மனுவை எதிர்ப்பவர் அங்கே போகவே தேவையில்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர்களில் இது சின்னத் தடையல்ல.

பின்னர் பீட்டர்பரோ, பிரெக்கன் ராட்னர்ஷயர், ரூதர்க்ளென், வெல்லிங்பரோ தொகுதிகளில் மனுக்கள் வென்றன. பெய்ஸ்லி 2024 பொதுத்தேர்தலில் 450 வாக்கில் தோற்றார்.

ஒன்றைக் கவனியுங்கள். வாக்குறுதியை மீறியதற்காகவோ கொடுமையான சட்டத்துக்குக் கைதூக்கியதற்காகவோ யாரையும் திருப்பி அழைக்க முடியாது. சட்டம் தனிமனித நடத்தையை மட்டுமே பார்க்கிறது.

கேள்வி (திருச்சி): வாத்து வளர்க்கக் குளத்தில் வீடு கட்டி, அரசிடம் காசு வாங்கிய எம்.பி. கதை உண்மையா?

பதில்: கேட்டது உண்மை, வாங்கியது இல்லை. 1,645 பவுண்டுக்கான அந்தக் கணக்கை நாடாளுமன்ற அலுவலகமே நிராகரித்தது. 2009இல் எம்.பி.க்களின் படிச்செலவு விவரங்கள் வெளியான பிறகு, பொய்க்கணக்கு எழுதிச் சிறைக்குப் போனவர்கள் வேறு சிலர்.

கேள்வி (டூட்டிங், லண்டன்): அமைச்சர் தவறு செய்தால் விசாரிப்பது யார்? ஏஞ்சலா ரேனர் விலகியது நியாயமா?

பதில்: அமைச்சர்களின் நன்னடத்தை குறித்து ஒரு தனி ஆலோசகர் இருக்கிறார். 2022 டிசம்பரிலிருந்து லாரி மேக்னஸ். முன்பு பிரதமர் அனுமதித்தால்தான் அவர் விசாரிக்க முடியும். 2024 நவம்பரில் விதி மாறியது, இப்போது தானாகவே தொடங்கலாம். ஆனால் தண்டனை இன்னமும் பிரதமர் கையில். 2020இல் அன்றைய உள்துறை அமைச்சர் பிரீத்தி படேல் ஊழியர்களை மிரட்டியது விதிமீறல் என்று அன்றைய ஆலோசகர் அலெக்ஸ் ஆலன் சொன்னார். ஜான்சன் அதை ஏற்கவில்லை. விலகியது அமைச்சர் அல்ல, ஆலோசகர்.

துணைப் பிரதமராக இருந்த ரேனர் ஹோவ் நகரில் 8 லட்சம் பவுண்டுக்கு வீடு வாங்கியபோது முத்திரை வரியில் 40,000 பவுண்டு குறைவாகக் கட்டினார். ஊரில் இருந்த வீட்டின் தன் பங்கை, உடல்நலக் குறைபாடுள்ள மகனுக்கான அறக்கட்டளைக்கு விற்றிருந்தார். 18 வயதுக்குக் கீழான பிள்ளையின் அறக்கட்டளையில் இருக்கும் வீட்டை வரிச் சட்டம் பெற்றோரின் வீடாகவே கொள்ளும். எனவே ஹோவ் வீடு இரண்டாம் வீடு ஆகி, கூடுதல் வரி விழுந்தது. வரி நிபுணரைக் கேட்கும்படி எச்சரிக்கப்பட்டும் அவர் கேட்கவில்லை. நேர்மையுடன் நடந்தார், ஆனால் விதி மீறப்பட்டது என்றார் மேக்னஸ். 2025 செப்டம்பரில் ரேனர் விலகினார். வீட்டு வசதித் துறையே அவர் கையில் இருந்ததால் விலகியது சரியென்றே கருதுகிறோம். இதே அளவுகோல் மற்ற தீங்குகளுக்கு இல்லையே என்பதுதான் எங்கள் கவலை.

கேள்வி (கொழும்பு): விண்ட்ரஷ் கொடுமைக்காக உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் விலகினார். அப்படியானால் கொள்கைத் தவறுக்கும் தண்டனை உண்டுதானே?

பதில்: அவர் விலகிய காரணத்தைப் பாருங்கள். 1973க்கு முன் கரீபியன் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்கு வந்து குடியேறிய விண்ட்ரஷ் தலைமுறையினருக்குத் தங்கும் உரிமை சட்டப்படி இருந்தது, பத்திரம்தான் கொடுக்கப்படவில்லை. உள்துறை அமைச்சராகத் தெரேசா மே கொண்டுவந்த 2014, 2016 சட்டங்கள், வீட்டுக்காரரையும் வங்கியையும் தங்கும் உரிமைக் காகிதம் பார்க்க வைத்தன, முதலாளிகள் மீதான கெடுபிடியையும் கூட்டின. வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சான்று கேட்டார்கள். வந்து இறங்கிய நாளைக் காட்டும் அட்டைகளையோ 2010இல் உள்துறையே அழித்திருந்தது. நாற்பது ஐம்பது ஆண்டு உழைத்தவர்கள் வேலையையும் வீட்டையும் சிகிச்சையையும் இழந்தார்கள். சிலர் நாடு கடத்தப்பட்டார்கள்.

2018 ஏப்ரல் 29 அன்று ரட் விலகியது, நாடு கடத்தலுக்கு எண்ணிக்கை இலக்குகள் இல்லை என்று எம்.பி.க்கள் குழுவிடம் தவறாகச் சொன்னதற்காக. கொள்கைக்காக அல்ல. கொள்கையை வகுத்தவர் அன்று பிரதமர். இழப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் பொறுப்பும் அதே உள்துறையிடம் போனது. விண்ட்ரஷ் கொடுமையை ஆராய்ந்த வென்டி வில்லியம்ஸ் 2020இல் கொடுத்த 30 பரிந்துரைகளையும் ஏற்ற அரசு, 2023இல் மூன்றைக் கைவிட்டது. அவற்றில் இரண்டைக் கைவிட்டது சட்டவிரோதம் என்று 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சபையில் பொய் சொன்னால் பிடிக்கக் குழு இருக்கிறது, விதி இருக்கிறது, நாள்கணக்கு இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் வாழ்வைக் கெடுத்த சட்டத்துக்கு அப்படி எதுவும் இல்லை. விசாரணை ஆணையம் வரும், அறிக்கை வரும், அதற்குள் பாதிக்கப்பட்டவர்களில் பலர் இறந்துபோயிருப்பார்கள்.

கேள்வி (சென்னை): வசதிக்கு ஏற்பப் பிள்ளை பெற வேண்டும் என்று அரசு சொல்வதில் என்ன தவறு? இரண்டு பிள்ளை வரம்பை ஏன் எதிர்த்தார்கள்?

பதில்: உங்கள் வாதத்தைத்தான் 2015இல் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் வைத்தார். 2017 ஏப்ரல் 6 முதல் பிறந்த மூன்றாவது குழந்தைக்கு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான யுனிவர்சல் கிரெடிட் உதவியில் பங்கு இல்லை என்றானது. 2025-26 கணக்கில் ஒரு குழந்தைக்கு மாதம் ஏறத்தாழ 293 பவுண்டு. வாதம் எங்கே உடைகிறது என்றால், பிள்ளை பெறும்போது வசதியாக இருந்தவர் பின்னால் வேலையிழக்கலாம், கணவரைப் பறிகொடுக்கலாம். பாதிக்கப்பட்ட குடும்பங்களில் பாதிக்கு மேல் வேலைக்குப் போகிறவர்களின் குடும்பங்கள். பாலியல் வன்கொடுமையால் பிறந்த குழந்தைக்கு விலக்கு கேட்டால், தாய் அதை வெளியாளிடம் சொல்லிப் படிவத்தில் சான்று வாங்க வேண்டியிருந்தது. எந்தப் பெண்ணையும் அந்த நிலையில் நிறுத்தக்கூடாது.

2024 ஜூலையில் இவ்வரம்பை நீக்கக் கோரி வாக்களித்த ஏழு எம்.பி.க்களைத் தொழிற்கட்சி தன் குழுவிலிருந்து இடைநீக்கியது. 2025 நவம்பர் 26 பட்ஜெட்டில் அதே கட்சியின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், 2026 ஏப்ரல் முதல் வரம்பு போகும் என்றார்.

பயன்பெறுவோர் இரண்டை மறக்க வேண்டாம். சைல்டு பெனிஃபிட் (பிள்ளை வளர்ப்புக்கான தனி உதவித்தொகை) இந்த வரம்புக்கு உட்பட்டதே இல்லை, மூன்றாவது குழந்தைக்கும் எப்போதும் உண்டு. வரம்பு போனாலும், ஒரு குடும்பத்தின் மொத்த உதவிக்கான உச்சவரம்பு (லண்டனில் ஆண்டுக்கு 25,323 பவுண்டு, வெளியே 22,020) தனியாக நிற்கிறது. புதிதாக வரும் பணத்தை அது விழுங்கிவிடலாம். வீட்டில் ஒருவர் கேரர்ஸ் அலவன்ஸ் (நோயாளியைப் பராமரிப்பவருக்கான உதவித்தொகை) வாங்கினால் அந்த உச்சவரம்பு பொருந்தாது.

கேள்வி (ஈஸ்ட் ஹாம், லண்டன்): படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொண்டு பகுதிநேர வேலையும் செய்கிறேன். கேரர்ஸ் அலவன்ஸ் கூடுதலாக வாங்கிவிட்டேன், திருப்பிக் கட்டு என்று கடிதம் வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: பயந்துபோய் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் விதி. வாரம் 35 மணி நேரம் பராமரிப்பவருக்கு 2025-26 நிதியாண்டில் வாரம் 83.30 பவுண்டு கிடைத்தது. கழிவுகள் போக வார வருமானம் அந்த ஆண்டில் 196 பவுண்டைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. ஒரு பவுண்டு தாண்டினாலும் அந்த வாரத் தொகை முழுவதும் போய்விடும், பகுதி வெட்டு கிடையாது. 2024இல் வரம்பு 151, தொகை 81.90. அந்தக் கணக்கில் ஓராண்டு முழுவதும் வாரம் ஒரு பவுண்டு கூடச் சம்பாதித்தவர், அதாவது 52 பவுண்டு கூடப் பெற்றவர், 4,258.80 பவுண்டு கடனாளி ஆகிவிடுவார்.

வருமானம் கூடிய தகவல் வரித்துறையிலிருந்து, இந்த உதவித்தொகையை நடத்தும் வேலை மற்றும் ஓய்வூதியத் துறைக்குக் கணினி வழியே வந்துகொண்டுதான் இருந்தது. எல்லாவற்றையும் பார்க்க ஆள் போடவில்லை. கடன் வருடக்கணக்கில் வளர்ந்தது. இதைத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019லேயே எழுதியது. ஏறி இறங்கும் சம்பளத்தைச் சராசரி பார்ப்பது எப்படி என்பதில் துறையின் வழிகாட்டுதலே தவறாக இருந்தது என்று 2025 நவம்பரில், அரசு கேட்டு லிஸ் செய்ஸ் நடத்திய ஆய்வு காட்டியது. பழைய கோப்புகளை மறுபடி பார்க்க அரசு ஒப்புக்கொண்டது. இவ்வளவு ஆனபின்னும் எந்த அமைச்சரின் பதவியும் போகவில்லை. மோசடிக்காரர் என்று வழக்கைச் சந்தித்தவர்கள் பராமரிப்பாளர்கள்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: எந்த வாரத்தில் எவ்வளவு கூடியது என்ற வாரவாரிக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். சம்பளச் சீட்டுகளோடு ஒப்பிடுங்கள். வருமான வரி, நேஷனல் இன்சூரன்ஸ், நீங்கள் கட்டும் பென்ஷன் தொகையில் பாதி ஆகியவை கழிக்கப்பட்டனவா? நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் அம்மாவைப் பார்க்க, நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவருக்குக் காசு கொடுத்தால் அதையும், வருமானத்தில் பாதி வரை கழிக்கலாம். மாதச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி 52ஆல் வகுத்தார்களா, அல்லது ஒரே மாதத்தில் இரண்டு சம்பளம் விழுந்ததை அப்படியே சேர்த்தார்களா என்று பாருங்கள். விடுமுறைச் சம்பளமும் போனஸும் விழும் வாரங்களில்தான் தவறு அதிகம்.

கணக்கில் பிழை தெரிந்தால், முடிவு தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டாய மறுபரிசீலனை கேட்டு எழுதுங்கள். தாமதமானால் தக்க காரணத்தோடு 13 மாதம் வரை கேட்கலாம். அதிலும் மறுத்தால், அந்தப் பதில் அனுப்பப்பட்ட தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

இன்னொரு முக்கியமான பிடி: யுனிவர்சல் கிரெடிட்டில் துறையின் தவறால் வந்த கூடுதல் பணத்தையும் திருப்பிக் கேட்கலாம். கேரர்ஸ் அலவன்ஸில் அப்படி இல்லை. நீங்கள் தகவலை மறைத்தாலோ, தவறாகச் சொன்னாலோ, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டாலோ மட்டுமே வசூலிக்க முடியும். வருமானம் மாறியதைத் தெரிவித்த கடிதம், ஆன்லைன் படிவத்தின் நகல், போனில் பேசிய தேதி எதுவாக இருந்தாலும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். கடன் உறுதியானாலும் தவணையைக் குறைக்கக் கேட்கலாம். வீட்டு வரவுசெலவைத் தாளில் எழுதி அனுப்புங்கள்.

இனி வரும் மாதங்களில் வரம்பை ஒட்டிச் சம்பாதித்தால், ஓவர்டைம் ஒப்புக்கொள்ளும் முன் கணக்குப் போடுங்கள். பத்து பவுண்டு கூடும் என்றால், அந்த வாரம் பென்ஷனுக்கு இருபது பவுண்டு அதிகம் கட்டினால் பாதி கழிந்து வரம்புக்குள் நிற்பீர்கள். இது சட்டப்படி சரியான வழி. இலவச ஆலோசனை தரும் உங்கள் பகுதி சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்துக்குக் கடிதத்தோடும் சம்பளச் சீட்டுகளோடும் ஒரு மாதக் கெடு முடியும் முன் போங்கள்.