மாப்பிள்ளைக்குச் சுத்தியலா?

கே: பன்வேலில் இருக்கும் என் மகளுக்கு இது தலைதீபாவளி. புதுக் கார் வாங்கியிருக்கிறார்கள். இந்த வருஷம் காருக்குத்தான் சீர் செய்வேன் என்று என் வீட்டுக்காரர் ஒரே பிடிவாதம். டயருக்குக் காற்றடிக்கும் பம்ப், சீட் கவர், முன்பக்கம் மாட்டும் இரும்பு கார்டு, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் என்று வாங்கிக் குவித்துவிட்டார். "மாப்பிள்ளை டயரில் காற்றே பார்ப்பதில்லை" என்று குறை வேறு. பண்டிகை நாளில் இரும்பைக் கொடுப்பதா? டேஷ்போர்டில் ஒட்ட ஒரு வெள்ளிப் பிள்ளையார் போதாதா? இத்தனைக்கும் மாப்பிள்ளை ரயிலில் போகிறவர். மகள்தான் தினமும் காரை வாஷி ஆபீசுக்கு எடுத்துப் போகிறாள்.
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

ப: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். சயான்–பன்வேல் நெடுஞ்சாலையில் தினமும் ஸ்டியரிங் பிடிப்பவள் உங்கள் மகள். சாமான் அத்தனையும் மாப்பிள்ளை பெயருக்கு. காற்றுப் பார்க்காத பழியும் அவருக்கே. பாவம், அவர் ஹார்பர் லைனில் தொங்கிக்கொண்டு போகிறார்.

பம்ப் நல்ல சாமான். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் பெரும்பாலும் காற்று மெல்லத்தான் இறங்கும். ஆணியைப் பிடுங்காமல், காரில் இருக்கும் 12 வோல்ட் சாக்கெட்டில் பம்பைச் செருகி, எஞ்சினை ஓடவிட்டுக் காற்றடித்தால் பஞ்சர் கடை வரை போய்ச் சேரலாம். லாரிகள் உரசிப் போகிற ரோட்டோரத்தில் ஜாக்கி போட்டுச் சக்கரம் கழற்றுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் வாங்குவதற்கு முன் மகளுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். சில புதுக் கார்களில் ஸ்டெப்னிக்குப் பதிலாகக் கம்பெனியே பம்ப் வைத்துத் தந்துவிடுகிறது. சிஎன்ஜி கார் என்றால் டிக்கியில் பெரும் பகுதியை சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். மிச்ச இடத்தில் மாமனார் சீரை எங்கே வைப்பது?

பம்பைக் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லிக் கொடுக்கட்டும். டயரின் மேல் பொறித்திருப்பது உச்ச வரம்பு. அடிக்க வேண்டிய அளவு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் அங்கே ஸ்டிக்கரில் இருக்கும். இதை மகளிடம் சொன்னால் உபயோகம். மாப்பிள்ளையை இலையில் உட்காரவைத்து, குறையும் சொல்லி, கையில் பம்பையும் கொடுத்தால் அது சீர் இல்லை, மெமோ.

சீட் கவரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நிறம் பிடிக்காவிட்டாலும் மாமனார் கொடுத்தது என்பதற்காக வருஷக்கணக்கில் அதில் உட்கார வேண்டும். அது கூடப் பரவாயில்லை. சீட்டின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்று சின்னப் பட்டி தைத்திருந்தால், மோதும்போது ஆளைக் காக்கும் காற்றுப் பை அங்கிருந்துதான் கிளம்பும். அதன்மேல் கண்ட உறையை இறுக்கிப் போட்டால் வழி அடைபட்டுவிடும்.

இரும்பு கார்டு கூடவே கூடாது. மோதினால் நசுங்கி அடியைத் தான் வாங்கிக்கொள்ளும்படிதான் காரின் முன்பக்கத்தைச் செய்கிறார்கள். கார்டு அந்த அடியை நேரே உள்ளே கடத்திவிடும், ஏர்பேக் சென்சாரையும் குழப்பலாம், குறுக்கே வருபவரின் எலும்பையும் முறிக்கும். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே இதன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

சுத்தியலுக்கு வருவோம். இதில் நான் உங்கள் வீட்டுக்காரர் கட்சி. 2005 ஜூலை 26 அன்று நீங்கள் செம்பூரில் இருந்திருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை. சான்டாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. காருக்குள் மாட்டிக்கொண்டே உயிர் விட்டவர்கள் உண்டு. வெளியே தண்ணீர் ஏறினால் அதன் அழுத்தம் கதவைத் திறக்க விடாது; மின்சாரம் போய்விட்டால் பவர் விண்டோ இறங்காது. அப்போது பக்கக் கண்ணாடியின் மூலையில் ஓங்கி ஓர் அடி. முன் கண்ணாடியில் அடித்துப் பிரயோஜனமில்லை. இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது அது, விரியுமே தவிர உதிராது. சில கார்களில் பக்கக் கண்ணாடியும் அப்படித்தான், விசாரித்துக்கொள்ளுங்கள். சுத்தியல் ஓட்டுகிறவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். டிக்கியில் கிடந்தால் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

இரும்பு என்கிறீர்கள். காரே ஒரு டன் இரும்பு. அதைச் சேடா நகர் முருகன் கோயில் வாசலில் நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்கியபோது யாராவது சகுனம் பார்த்தார்களா? இருந்தாலும் உங்கள் மனசுக்காக ஒரு வழி சொல்கிறேன். தீபாவளித் தட்டில் வேட்டி, புடவை, உங்கள் சக்திக்கு ஒரு மோதிரம். பம்பையும் சுத்தியலையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவே கொண்டுபோய், மகளோடு காரில் உட்கார்ந்து, எதை எங்கே வைப்பது என்று காட்டட்டும்.

உங்கள் வெள்ளிப் பிள்ளையார் மட்டும் தப்பினார் என்று நினைக்காதீர்கள். டேஷ்போர்டில் பக்கத்து சீட்டுக்கு எதிரே ஏர்பேக் மூடி இருக்கிறது. அதன்மேல் அவரை ஒட்டினால், பை கண் இமைப்பதற்குள் விரியும்போது அவரும் கூடவே பறந்து வருவார், மாப்பிள்ளையின் முகத்தை நோக்கி. பூஜை அலமாரியில் இருக்கட்டும்.

அப்புறம், தலைதீபாவளிக்கு அவர்கள் உங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினால் பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள். இந்த மும்பையில் 2022 நவம்பரிலிருந்தே அது கட்டாயம். கார்டைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்றால் பால்கனியில் துணி காயப்போட ஆகும்.