மாத்திரை அட்டையைக் காட்டிய மாப்பிள்ளை

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் ‘சில்வர் லைனிங்ஸ் பிளேபுக்’ என்ற இங்கிலீஷ் படம் பார்த்தேன். நன்றாக எடுத்திருக்கிறார்கள், ஆனால் மனசு ஒப்பவில்லை. பைபோலார் என்கிற, மனசு உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகிற நோய் உள்ளவனும், புருஷனைப் பறிகொடுத்து நிலைகுலைந்தவளும் சேர்ந்து டான்ஸ் ஆடினால் சரியாகிவிடுமா? என் தம்பிக்கும் அதே நோய்தான். ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை, தெளிஞ்சிரும்’ என்று சொந்தக்காரர்கள் அம்மாவை அரிக்கிறார்கள். படமும் அதைத்தானே சொல்கிறது?

ஒரு வாசகி, திருமங்கலம்

அன்புள்ள தங்கைக்கு,

கடைசி அரைமணி நேரத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். நாயகனின் அப்பா பந்தயம் கட்டுகிறார், டான்ஸ் போட்டியில் நடுவர்கள் மார்க் போடுகிறார்கள், காதல் ஜெயிக்கிறது, நம்ம ஊர்ப் படம் மாதிரியே.

எனக்குப் பிடித்தது வேறு இடம். விருந்துக்கு வந்த வீட்டில், அன்றுதான் அறிமுகமான இரண்டு பேரும் லித்தியம், அது, இது என்று தாங்கள் போட்ட மாத்திரைகளின் பெயர்களை அடுக்கி, எது மண்டையை மந்தமாக்கும் என்று சுவாரசியமாகப் பேசிக்கொண்டே போக, ‘நல்லா இருக்கிற’ ஜோடி பக்கத்தில் உட்கார்ந்து முழிக்கும். (அந்த வீட்டுக்காரரே மூச்சு முட்டுகிறது என்று புலம்புகிறவர், அது வேறு கதை.) மதுரையில் நடக்கிற ‘காதல்’ (2004) படத்தில் காதலித்தவன் அடிபட்டு, கடைசியில் மனம் பேதலித்துத் தெருவில் நிற்பான். 2012இல் வந்த இந்தப் படத்தில் நோய் முதலிலேயே இருக்கிறது, காதல் அப்புறம்தான் வருகிறது.

செல்லூரில் என் சித்தி மகன் இருக்கிறான். அவனுக்கும் உங்கள் தம்பியின் நோய்தான், அதற்கு 12 வருசமாக லித்தியம் மாத்திரை. பெண் பார்க்கப் போன இடத்தில் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் காபியைத் தொடுவான், இரண்டு சம்பந்தம் அதிலேயே தட்டிப்போனது, சித்தி அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். மூன்றாவது வீட்டில் அந்தப் பெண், “எத்தனை மணிக்குப் போடணும்?” என்று கேட்டிருக்கிறாள். அவளைத்தான் கட்டினான்.

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று அவளைப் பார்க்கவேண்டும். சித்திரை வெயிலில் வேர்த்து உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும், கை நடுங்கும், பேச்சு குழறும். அதனால் தண்ணீர் பாட்டிலும் கையுமாக அவன் பின்னாலேயே நடப்பாள். மூட்டு வலிக்கிறது என்று மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடவும் விடமாட்டாள், சில வலி மாத்திரைகளும் அதே வேலையைச் செய்யும். ரத்தப் பரிசோதனைச் சீட்டு காலண்டர் ஆணியில் குத்தியிருக்கும். படத்தில் இதற்கெல்லாம் இடமில்லை.

கல்யாணத்தால் அவனுக்குத் தெளிந்துவிட்டதா என்றால், இல்லை. இரண்டு வருசம் முன்பு தூக்கம் போய், ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தான். விடிந்ததும் சுண்ணாம்புக் கையோடு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் அவள்தான்.

சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு மறைத்து மட்டும் முடித்துவிடாதீர்கள். அப்படி ஏமாற்றி நடந்த கல்யாணத்தை ரத்து செய்யச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போக 1955 இந்து திருமணச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அதைவிட, மருமகளுக்குத் தெரியாமல் உங்கள் தம்பி மாத்திரையை எங்கே ஒளித்துவைப்பான், எத்தனை நாள் போடாமல் விடுவான்?

கடிதம் முழுக்க அம்மா பேசுகிறார், சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள், நீங்கள் பேசுகிறீர்கள். தம்பி அந்தப் படத்தைப் பார்த்தானா? என்ன சொன்னான்?